சமையலறையில் ஓர் எல்லைக்கல்

சின்ன பார்ட்டில் கிராமத்தின் வரலாற்றைப் பாத்திரம் துடைக்கும் துண்டில் அச்சடித்தார்கள். சர்ச் கூரை ஒழுகுகிறது, அதற்கு நிதி. துண்டின் நடுவில் வாத்துக்குளம். அதைச் சுற்றி நார்மன்காரன் கட்டிய சர்ச், ஆயிரம் வயது என்று கூசாமல் புளுகப்படும் யூ மரம், குடிகாரர்களின் காலைப் பூட்டி வெயிலில் உட்காரவைத்த பழைய மரக்கட்டை, பண்ணையார் மாளிகை, 'கலப்பையும் கொக்கும்' பப். வாத்துகளுக்கென்று ஓடு வேய்ந்து கட்டிய குட்டி வீடுகூட இருந்தது.

பம்படி லைன் இல்லை.

ஜோஸி ஹாப்வுட் அந்தத் துண்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பின்பக்கம் சலவைக் குறிப்புதான் இருந்தது. அவள் பிறந்தது, வளர்ந்தது, பரீட்சைக்குப் படித்தது எல்லாம் பம்படி லைனில். ஊர்க்கோடியில், யாருக்கும் வேண்டாத ஈரமண்ணில் கவுன்சில் கட்டிக்கொடுத்த செங்கல் வீடுகள் அவை. ஹாப்வுட் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான், அதுவும் வரலாற்றில். வாங்கிய பட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டு, நெடுஞ்சாலைச் செடிக்கடையின் காபிக்கூடத்தில், லண்டனிலிருந்து வந்து குடியேறிய சீமாட்டிகளுக்கு ஸ்கோன் ரொட்டி சுடவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்வீட்டில் இருந்தால் வரலாறு. செங்கல் வீட்டில் இருந்தால் வெறும் கதவிலக்கம். மூன்று வருடம் கல்லூரியில் படித்தும் புரியாத இந்த விஷயம் ஒரு துண்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"வாத்துக்கு வீடு போட்டிருக்காம்மா அந்த ஊர்மன்றத் தலைவி வெரிட்டி. நம்ம வீட்டைக் காணோம்."

"வாத்து எதிர்த்துப் பேசாதுல்ல," என்றாள் மொரீன். "துண்டு நல்லா தண்ணி இழுக்குதா, அதைச் சொல்லு."

ஜோஸியின் அம்மா மொரீன், பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கல்யாண நாள்களிலும் சர்ச் கோபுரத்தில் ஐந்தாவது மணியின் கயிறு அவள் கையில் இருக்கும். அந்தக் கோபுரத்து மணிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பக்திதான். ஆராதனைக்கு முன்னால் ஊரே அதிர அடிப்பார்கள். பாதிரி வாயைத் திறப்பதற்குள் பின்வாசல் வழியாக 'கலப்பையும் கொக்கும்' போய்ச் சேர்ந்திருப்பார்கள். சபைப் பட்டியலில் மொரீன் பெயர் கிடையாது. அதைப் பற்றி அவளும் கவலைப்பட்டதில்லை, கடவுளும் கேட்டதில்லை.

கவலை வந்தது லென் வந்த பிறகு. லென் பக்கத்து டவுன்காரர், பால் லாரி ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். ஒரு மழைநாளில் மொரீனின் சமையலறையில் உட்கார்ந்து, "நாம கட்டிக்கலாமா?" என்று டீக்கோப்பையைப் பார்த்துக் கேட்டார். "என்னையா கேக்குற, கோப்பையையா?" என்று கேட்டுவிட்டுச் சரி என்றாள் மொரீன். ஜோஸியின் அப்பா கல்யாணப் பேச்சு வரும் முன்னே கப்பலேறி நியூசிலாந்து போய்விட்டவர். ஆகவே நாற்பத்தைந்தாவது வயதில் மொரீனுக்கு இது முதல் கல்யாணம். ஜூனில், சின்ன பார்ட்டில் சர்ச்சில் வைத்துக்கொள்வதாக முடிவானது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரைச் சர்ச்சில் ஓலையாக வாசிக்க வேண்டும், அதற்கு விவரம் கேட்டுப் பாதிரியம்மா வீட்டுக்கு வந்தாள். பிலிப்பா என்று பெயர். பெண்களுக்குப் பாதிரி அங்கி கொடுக்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவளும் ஊருக்குப் புதிது. தப்பு செய்தால் "பொம்பளைன்னா இப்படித்தான்" என்பார்கள் என்ற பயத்தில் ஒவ்வொரு விதியையும் மூன்று முறை படிப்பவள். சமையலறையில் ஐஸ்பெட்டிக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவே, தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு நிற்கும் பாசிபிடித்த கல்லைப் பார்த்து அவள் கையிலிருந்த பிஸ்கட் அப்படியே நின்றது. கல்லின் தலையில் டீத்தூள் டப்பா.

"இது என்ன?"

"எல்லைக்கல்லு," என்றாள் மொரீன். "அந்தப் பக்கம் பெரிய பார்ட்டில், இந்தப் பக்கம் சின்ன பார்ட்டில். கல்லைப் புடுங்கினா குடும்பம் வெளங்காதுன்னு கொத்தனாருங்களுக்குப் பயம். அப்படியே விட்டுட்டு சுத்தி வீட்டைக் கட்டிட்டாங்க. சர்க்கரை போடவா?"

பாதிரியம்மா பையிலிருந்து மறைமாவட்ட வரைபடத்தை எடுத்தாள். முகம் வாடிவிட்டது. "கோவிச்சுக்காதீங்க மொரீன். கல்யாணம் பண்றவங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது எங்க சபைப் பட்டியல்ல இருக்கணும், இல்லைன்னா எங்க எல்லைக்குள்ள குடியிருக்கணும். இதுல உங்க வீடு உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. கோட்டுக்கு அடியில இருக்கு. மை அவ்ளோ தடிமன்."

"இங்கயே பொறந்து வளர்ந்தவங்களை மைக்கு அடியில போட்டுட்டீங்களா?" என்று எகிறினாள் ஜோஸி.

"சும்மா இருடி," என்றாள் மொரீன். "அவங்களா மை ஊத்துனாங்க?"

பாதிரியம்மா யோசித்தாள். அவள் கெட்டவள் இல்லை. "அடுத்த ஞாயிறு ஊரே குச்சியோட சுத்தி நடந்து எல்லை அடிக்கிற நாள் இல்லையா? ஊர் எந்தக் கோட்டுல நடக்குதோ அதை எல்லைன்னு நான் ஏத்துக்கறேன். உங்க கல்லைத் தொட்டு நடந்துட்டாங்கன்னா அன்னைக்கு சாயங்கால ஆராதனையிலயே முதல் ஓலை வாசிச்சிடறேன். அதுக்கும் மேல தள்ளினா ஜூன் தேதி கிடைக்காது."

அவள் போன பிறகு மொரீன் கோப்பைகளைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"பெரிய பார்ட்டில் சர்ச்சுலதான் வெச்சுக்கயேம்மா. தகரக்கூரைதான். ஆனா எல்லாம் ஒரே கடவுள்."

"கடவுளுக்கு என்னடி, எங்க வேணா இருப்பாரு. மணி?" மொரீன் திரும்பவில்லை. "இந்த ஊருல நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் நான் கயிறு இழுத்திருக்கேன். கோபுரத்துக்குள்ள நின்னா என்ன கேக்கும் தெரியுமா? கயிறு கிறீச்சுங்கும், பக்கத்துக் கயித்துல ஹாரல்டு மூச்சு வாங்குவான். அவ்ளோதான். பொண்ணு வாசல்ல வந்து நிப்பா, மேல இருந்து கொட்டும்னு சொல்வாங்க. ஒரே ஒரு தடவை எனக்காக அடிக்கிறதை வெளிய நின்னு கேக்கணும்."

ஜோஸி துண்டை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்து வைத்தாள். வழக்கமாக அவள் அதைச் செய்வதில்லை.

ஊர் மன்றக் கூட்டத்தில் அந்தச் சாந்தம் நீங்கியது. தலைவி வெரிட்டி லாங்டன், லண்டனில் சோப்பு விளம்பரம் எழுதி ஓய்வுபெற்று வந்தவள். துண்டை வரைந்தவளும் அவளே. வாத்து வீட்டின் ஓட்டை வருடாவருடம் பிரஷ் வைத்துத் தேய்ப்பவளும் அவளே. அழகுக் கிராமப் போட்டியின் நடுவர்கள் எல்லை அடிக்கும் ஞாயிறன்று ஊர்வலத்தோடு நடக்கப்போகிறார்கள். அதனால் பாதையைக் கொஞ்சம் "மெருகேற்றி" இருப்பதாக அவள் அறிவித்தாள். காட்டுக்கல்லிலிருந்து நேராகப் பாலத்துக்கல். வழியெல்லாம் நீலமணிப்பூ. பம்படி லைன் பக்கம் போவதாக இல்லை.

"லைன்ல கல்லு இருக்கு!" ஜோஸி நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். "அதைத் தொடாம எப்படி எல்லை அடிப்பீங்க?"

"ஜோஸி, அங்க சேறு. அப்புறம் அந்தத் துணிக்கொடிங்க, டயரு, லாரி..."

"லாரி எங்கம்மாவைக் கட்டிக்கப்போறவரோடது!"

"அப்ப கழுவி நிறுத்தச் சொல்லும்மா. அடுத்த விஷயம், குப்பைத்தொட்டி நிறம்."

கைகள் உயர்ந்தன. வெரிட்டியின் பாதை ஜெயித்தது. நீலமணிப்பூவுக்குக் கை தூக்காதவன் யார்? ஜோஸி கதவை அறைந்துகொண்டு வெளியேறி, கோபம் தீராமல் அவரைக்கொல்லை குறுக்கே நடந்து, பெரிய பார்ட்டில் பப்பில் போய் நின்றாள்.

பெயரில்தான் பெரிய பார்ட்டில். தகரக்கூரை சர்ச், பெட்ரோல் நிலையம், இந்தப் பப், அவ்வளவுதான் ஊர். பப்காரன் காலின் தலைமையில் அவர்களும் அதே ஞாயிறு அவர்கள் பக்கத்து எல்லையை அடிப்பார்கள். கையில் வில்லோ குச்சியோடு கல் கல்லாகப் போய் அடித்து, இதுவரை இடிபடாத ஒரு ஆளைத் தூக்கிக் கல்லில் குண்டியை இடிக்க வேண்டும். வலித்தால்தான் எல்லை ஞாபகமிருக்கும் என்று முன்னோர் நினைத்தார்கள். ஒரு ஊர் தொடாமல் விட்ட கல்லை அடுத்த ஊர் இடித்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வருட நடைவரை அது அவர்களுடையது. சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் சின்ன பார்ட்டில்காரர்கள் ஒருமுறை மழைக்குப் பயந்து பாலத்துக்கல்லை விட்டுவிட்டு, வருடம் முழுக்க 'பெரிய பார்ட்டிலுக்கு நல்வரவு' என்ற பலகையைத் தங்கள் பாலத்திலேயே படித்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

"காலின், எங்காளுங்க பம்படிக் கல்லைத் தொடப்போறதில்ல," என்றாள் ஜோஸி.

காலின் கண்ணாடிக் கோப்பையைத் துடைப்பதை நிறுத்தினான். "அது வளைவுக்கல்லு ஆச்சே? அதை விட்டா கோடு நேராப் போயிடும். நேராப் போனா..." விரலால் பீர் ஈரத்தில் கோடு போட்டான். "வாத்துக்குளம் எங்க பக்கம்!"

பப்பே எழுந்து நின்று கத்தியது. அவர்களும் அதே போட்டியில் இருந்தார்கள், பெட்ரோல் நிலையத்தை நம்பி.

"நீங்க வந்து மிரட்டினாப் போதும், வெரிட்டி பயந்துட்டு..."

"மிரட்டுறதா? கண்ணு, நாங்க நெஜமா வரோம். உங்கம்மா கையால ஒரு டீ போடச் சொல்லு. இனிமே எங்கூர்க்காரி அவங்க."

திரும்பி வரும் வழியில்தான் ஜோஸிக்கு உறைத்தது. வெரிட்டியை மிரட்டக் கிளம்பி, அம்மாவின் கல்யாணத்தைக் கொண்டுபோய்த் தகரக்கூரைக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பட்டம் வாங்கினால் புத்தி வரும் என்று சொன்னவன் யார்?

சேதி அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. அந்த ஊரில் ரகசியம் என்பது தபால்காரனுக்கு மட்டும் தெரியாத சேதி. ஞாயிறு காலை வெரிட்டியே லைனுக்கு வந்துவிட்டாள், முகம் வெளுத்து, விலையுயர்ந்த ரப்பர் பூட்ஸில் முதல் முறையாக நிஜச் சேறோடு.

"என் குளத்தை வித்துட்டியாமே?"

"குளம் உங்களுதா? ஊரோடதுன்னு நெனச்சேன்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. எந்த வழி? முன்னால நட."

ஜோஸி முன்னால் நடந்தாள். பின்னால் வெரிட்டி, பாதிரியம்மா, வில்லோ குச்சிகளோடு பாதி ஊர், குறிப்பெடுக்க வழி தெரியாமல் முள்ளுக்குள் திணறும் இரண்டு நடுவர்கள். காட்டுக்கல்லை அடித்தார்கள். புதிதாய்க் குடிவந்த பல் வைத்தியரை அதில் இடித்தார்கள். அவர் தன் நோயாளிகள் உட்காரும் நாற்காலியை நினைத்துக்கொண்டிருக்கலாம், கத்தவில்லை. செந்தட்டிப் புதர் வழியாக ஜோஸி அவர்களை இழுத்துக்கொண்டு ஓடினாள். வேலி மேல் ஏறிப் பார்த்தால், அவரைக்கொல்லை குறுக்கே காலினின் கூட்டம் ஹோவென்று வந்துகொண்டிருந்தது. பின்வாசலுக்கு அவர்கள் பக்கம்தான் கிட்டம்.

பின்வாசலில் மொரீன் நின்றாள், கையில் துடைப்பத்தோடு.

"பூட்ஸைக் கழட்டிட்டு வாங்கடா. காலையிலதான் தரை துடைச்சேன்."

"மொரீன், இது வரலாறு!"

"வரலாறுன்னா சேறோட வருமா? கழட்டு."

மொரீனை எதிர்த்து உள்ளே போகும் துணிச்சல் பெரிய பார்ட்டிலில் யாருக்கும் இல்லை. பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில் அவள் பரிமாறிய கேரட்டைத் தின்று வளர்ந்தவர்கள். அத்தனை பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து நனைந்துபோன பூட்ஸ் நாடாவோடு மல்லுக்கட்டினார்கள். நனைந்த நாடா அவிழுமா?

"ஜன்னல்!" என்றாள் ஜோஸி. பழைய முறைப்படி கோடு ஜன்னல் வழியாகத்தான் போகிறது. "மேடம், பூட்ஸை உதறுங்க!"

பணக்கார பூட்ஸில் நாடா கிடையாது. ஓர் உதறலில் கழன்றது. இரண்டு பேர் வெரிட்டியைத் தூக்கிவிட, அவள் முத்துமாலையும் கம்பளிக் காலுறையுமாகக் கழுவுதொட்டியில் இறங்கி, ஊறவைத்திருந்த பாத்திரத்தில் ஒரு காலை வைத்து, தரையில் வந்து நின்றாள். பின்னாலேயே ஹாரல்டும் லைன்காரர்கள் சிலரும் ஏறிக் குதிக்க, அவர்களோடு வந்த ஜோஸி கல்லின் தலையிலிருந்த டீ டப்பாவை எடுத்தாள்.

"இடிக்கணும். இதுவரை இடிபடாத ஆளு வேணும். நாங்க லைன்காரங்க எல்லாரும் சின்ன வயசுலயே இடிபட்டாச்சு."

வெரிட்டி சுற்றிப் பார்த்தாள். உள்ளே வந்திருந்தவர்களில் புது ஆள் அவள் ஒருத்திதான். ஜன்னலில் இரண்டு நடுவர்களின் முகம்.

"முடியாது. அவங்க பாக்குறாங்க."

வாசலில் காலினின் ஒரு பூட்ஸ் கழன்று விழுந்த சத்தம் கேட்டது. ஜோஸியின் நாக்கு நுனியில் நல்ல சூடான வசவு ஒன்று தயாராக இருந்தது. அம்மாவைப் பார்த்தாள். மொரீன் துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், மணிக்கயிற்றைப் பிடிக்கிற மாதிரி.

"எங்கம்மா கல்யாணம், மேடம்," என்றாள் ஜோஸி. "இந்தக் கல்லு உள்ள வந்தாத்தான் நம்ம சர்ச்சுல ஓலை வாசிப்பாங்க. அவங்களுக்கு மணி கேக்கணும். வேற ஒண்ணும் இல்ல."

"யாருக்கு, மொரீனுக்கா? இதை ஏன் கூட்டத்துல சொல்லல?"

"குப்பைத்தொட்டி நிறத்துக்குப் போயிட்டீங்க."

வெரிட்டி ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு பாவாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "சரி. மெதுவா."

"மெதுவால்லாம் கிடையாது," என்றான் மணிக்கார ஹாரல்டு, ஆனந்தமாக.

தூக்கினார்கள். இடித்தார்கள். ஊர் மன்றத் தலைவியின் அலறல் வாத்துக்குளம்வரை கேட்டிருக்கும். வாசலில் ஒற்றைக்கால் பூட்ஸோடு நின்ற காலின் தொப்பியைக் கழற்றிவிட்டான். தோற்றாலும் நல்ல இடி என்றால் மரியாதை செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அப்போதுதான் பின்வாசல் வழியாக உள்ளே வந்த பாதிரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்லையும் மேற்கூரையையும் மாறிமாறிப் பார்த்தாள். "மொரீன், ஒரு சந்தேகம். கோடு வீட்டைப் பாதியா வெட்டுது. அப்படி இருந்தா எந்தப் பக்கம் தூங்குறாங்களோ அங்கதான் குடியிருக்கறதா அர்த்தம். உங்க கட்டில்..."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கட்டில் ஐஸ்பெட்டிக்கு நேர் மேலே. ஐஸ்பெட்டி பெரிய பார்ட்டில்.

காலினின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. "நல்வரவு மொரீன்."

மொரீன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "காலின், உம் பொண்ணு எங்கூர்ப் பையனைக் கட்டினப்ப, உங்கூர்ல மணி இல்லைன்னு இங்கதானே வெச்சே. அன்னைக்கு அஞ்சாவது மணி அடிச்சது யாரு?"

காலின் தொப்பியைச் சுருட்டினான். "...நீதான்."

"காய்ச்சல்ல வந்து அடிச்சேன். மேல வா. தலைமாட்டுப் பக்கம் நீ பிடி, கால்மாட்டுப் பக்கம் உங்காளுங்க. ஜன்னல் பக்கம் தள்ளணும்."

"பாதிரியம்மா பாத்துட்டிருக்காங்களே?"

பாதிரியம்மா சர்க்கரை டப்பாவை இழுத்தாள். முதல் முறையாக அவள் கண்ணில் ஒரு குறும்பு தெரிந்தது. "நான் டீ குடிச்சிட்டிருக்கேன். குடிச்சு முடிச்சப்புறம்தான் மேல வந்து பாப்பேன். ரொம்ப சூடா இருக்கு. நேரம் ஆகும்."

மாடியில் கட்டில் உறுமியது. பெரிய பார்ட்டிலின் பலசாலிகள் காலுறையோடு, "இடது, இடது, ஏய் என் கால்டா!" என்று கத்திக்கொண்டு தங்கள் ஊர்ப் பெண்ணைத் தாங்களே நாடுகடத்தினார்கள். கூலிக்கு எலுமிச்சைக் கேக் கிடைத்தது. டீ ஆறியது. பாதிரியம்மா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உள்ளதான் இருக்கு," என்றாள். அன்று சாயங்காலம் மொரீன் பெயரை ஓலையில் வாசித்தபோது, தடை சொல்ல யாராவது உண்டா என்று வழக்கம்போலக் கேட்டாள். பின்வரிசையில் லென் தும்மினார். ஊரே திரும்பி முறைத்தது.

போட்டியில் இரண்டு பார்ட்டிலும் தோற்றன. துண்டை மறுபடி அச்சடித்தார்கள். இந்த முறை பம்படி லைன் இருந்தது, துணிக்கொடியோடு. வாத்து வீட்டைவிடச் சிறியதாகத்தான் வரைந்திருந்தாள் வெரிட்டி. ஜோஸி அதை அளந்து பார்த்து, கையோடு போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள். அடுத்த அச்சில் பார்க்கலாம் என்றாளாம் வெரிட்டி, நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்தபடி.

ஜூன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு சிக்கல். மணப்பெண்ணே மணிக்காரி என்றால் அவள் கயிறு யார் கையில்? காலின் பக்கத்து டவுனுக்குப் போய் மணியடிக்கக் கற்றுக்கொண்டு, வேறு ஆளே கிடைக்கவில்லையாமே என்று வந்து நின்றான்.

மொரீன் லென்னின் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச் வாசலில் வந்து நின்றாள். புல்வெளியில் யூ மரத்தடியில் ஜோஸி, கையில் அரிசிக்குப் பதில் பூவிதழ், பறவைகளுக்கு அரிசி ஆகாது என்று வெரிட்டி மன்றத் தீர்மானமே போட்டிருந்தாள். மேலே ஒரு கணம் அமைதி. பிறகு கொட்டியது. கூரையில் இருந்த காகங்கள் எல்லாம் எழுந்து பறந்தன. சத்தம் கோபுரத்திலிருந்து கல்லறைகள் மேல் வழிந்து, சாலையைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, பம்படி லைன் கொடிகளில் காய்ந்த துணிகள் வரைக்கும் போயிற்று.

மொரீன் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் ஈரம். ஊரே அண்ணாந்து கேட்டது. வெரிட்டிகூட.

ஜோஸி கிட்டே போனாள். "எப்படிம்மா இருக்கு?"

மொரீன் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"அஞ்சாவது மணி லேட்டா விழுது," என்றாள்.